அக்காவின் தெருவில் யார் யார்

மதம் என்ற வரிசையே அந்த அட்டவணையில் இல்லை. மேலிருந்து கீழே போனேன், கீழிருந்து மேலே வந்தேன், இல்லை. பொரளையில் எங்கள் அலுவலகத்தில் மதிய இடைவேளை. பிரித்து வைத்த சோற்றுப் பார்சலில் பருப்பும் கத்தரிக்காயும் ஆறிக்கொண்டிருந்தன. திரையில் அக்காவின் ஊர் திறந்திருந்தது. ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பெரிய நகரத்தின் ஓரமாகக் கிடக்கிற சின்னப் புறநகர். பெயர் சொன்னால் அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாது. அங்கே எவ்வளவு பேர் வெள்ளையர், எவ்வளவு பேர் கறுப்பர், எவ்வளவு பேர் ஆசியர், வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள், வேலைக்குக் காரில் போகிறார்களா பஸ்ஸில் போகிறார்களா என்பதெல்லாம் இருந்தது. யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்பது மட்டும் இல்லை.

"அங்க அதைக் கேக்கமாட்டினம்" என்றார் பக்கத்து மேசைக்காரர். என்னைப் போலவே நகரத் திட்டங்களுக்கு வரைபடம் கீறுகிறவர். "குடிசனக் கணக்கில சமயம் கேக்கிறதுக்குச் சட்டம் விடாது."

"அப்ப ஒரு தெருவில ஆர் ஆர் இருக்கினம் எண்டு எப்பிடித் தெரியும்?"

"தெரிஞ்சு நீர் என்ன செய்யப் போறீர்?"

எங்கள் நாட்டில் குடிசன மதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டையும் கேட்பார்கள். சிங்களவரா, இலங்கைத் தமிழரா, இந்தியத் தமிழரா, சோனகரா, பறங்கியரா, மலாயரா என்று இனம் ஒரு பக்கம். சமயம் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துப் பழகிய எனக்கு, ஒன்று மட்டும் இருக்கிற ஊர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது போல இருந்தது. அதைவிட, அக்கா அங்கே 'ஆசியர்' என்ற பெட்டிக்குள் கொரியர்களோடும் பிலிப்பினோக்களோடும் சேர்ந்து இருந்தாள். அந்தப் பெட்டியே சின்னது. அதற்குள் அவள் எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

சோற்றில் கை வைத்தபோதுதான் அந்த யோசனை வந்தது. அட்டவணை சொல்லாததைத் தெரு சொல்லும். அக்கா ஃபோனைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும். நான் இங்கிருந்தே ஒவ்வொரு வீடாகப் பார்த்துச் சொல்கிறேன்.

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையை நான் யாரையும் கேட்காமல் வாசிப்பேன். நிலையில் காய்ந்த மாவிலை தொங்கினால் ஒரு மாதிரி, கதவுக்கு மேல் அரபு எழுத்து ஒட்டியிருந்தால் இன்னொரு மாதிரி. குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலைச் சிலுவை பழுப்பு நிறமாகி யன்னல் கம்பியில் செருகியிருக்கும். மதிலோரம் கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னப் புத்தர் இருப்பார், நீல மின்குமிழோடு. எதுவுமே கண்ணில் படாவிட்டாலும் மூக்கு இருக்கிறது. வெள்ளிக்கிழமை எந்த வீட்டில் மீன் பொரிக்க மாட்டார்கள், ஞாயிறு காலையில் எந்த வீட்டுக் குசினியில் இறைச்சி கொதிக்கும் என்பது படிக்கட்டில் ஏறி வருகிற எவருக்கும் தெரியும்.

இதை எனக்குப் பழக்கியது அக்காதான், ஒரு விளையாட்டாக. நாங்கள் முதலில் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். கோயில் மணியும் மாதா கோயில் மணியும் பாங்கும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கேட்கிற ஒழுங்கை அது. அங்கே யார் வீட்டுக்குள் யார் போவது என்று கணக்கில்லாமல் இருந்தோம். வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு வந்த பிறகு எங்களுக்குக் கிடைத்தது ஒரு பல்கணி மட்டும். பின்னேரங்களில் அதில் இருந்துகொண்டு, கேட்டுக்குள் நுழைகிற ஆளைப் பார்த்து எந்த மாடிக்குப் போகிறார், யார் வீட்டு மணியை அடிப்பார் என்று பந்தயம் பிடிப்போம். தோற்றவள் தேத்தண்ணி போட வேண்டும். அக்கா தேத்தண்ணி போட்ட நாட்கள் குறைவு. ஒரு மனிசி குடையை மடக்குகிற விதத்தைப் பார்த்துவிட்டு "மூண்டாம் மாடி, ஆனால் கதவு திறக்க மாட்டினம்" என்பாள். அப்படியே நடக்கும்.

அவள் போன பிறகும் நான் பல்கணியில் இருப்பேன். ஆட்கள் வருவார்கள், நான் மனதுக்குள் மாடியைச் சொல்வேன், சரியாக இருக்கும். சரி என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. தேத்தண்ணியையும் நானே போட்டுக் குடிக்க வேண்டும்.

அத்தானுக்கு அங்கே ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. அக்காவின் விசாவில் வேலை செய்ய முடியாது. இங்கே ஒரு கணக்காளர் அலுவலகத்தில் பெரியவர்களையே ஆட்டிப் படைத்தவள், அங்கே யன்னலுக்கு யன்னல் நடந்துகொண்டிருந்தாள். முதல் பனிக்காலத்தை எப்படியோ தள்ளினாள். வெயில் வந்தபோது தெளிவாகச் சொன்னாள்: "இன்னொரு மாரி இப்பிடி ஒருத்தரையும் தெரியாமல் என்னால ஏலாது. பனி விழ முதல் வந்திடுவன். அவர் ஒப்பந்தம் முடிச்சிட்டு வரட்டும்."

அதனால் அம்மா அவளுடைய அறையை விட்டுவைத்தார். வெள்ளவத்தையில் ஓர் அறை சும்மா கிடக்கிறது என்றால் ஆட்கள் படியேறி வந்து கேட்பார்கள். வேலைக்கு வந்த பிள்ளைகள், படிக்க வந்த பிள்ளைகள், வெளிநாடு போகக் காத்திருக்கிறவர்கள். எல்லோருக்கும் அம்மாவின் பதில் ஒன்றுதான்: "மகள் வரப்போறா."

எனக்கும் அவள் வர வேண்டும். அதை நான் ஒளிக்கவில்லை. யோசனையைச் சொன்ன அன்றே அவள் கேட்டுவிட்டாள்:

"எடியே, நீ எனக்கு இங்க ஆள் தேடுறியோ, இல்லாட்டி ஆள் இல்லையெண்டு காட்டத் தேடுறியோ?"

"ரெண்டும்" என்றேன்.

சிரித்தாள். சனிக்கிழமை நடை அப்படித்தான் தொடங்கியது.

அவளுடைய காலை எங்களுடைய பின்னேரம். ஃபோனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு நானும் அம்மாவும் முன்னால் இருப்போம். எதிர்வீட்டு ராத்தா கறிவேப்பிலை கேட்டு வந்தால் அவரும் இருந்துவிடுவார். முஸ்லிம் வீடுகளில் மூத்த பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் எங்கள் எல்லோருக்கும் ராத்தா. அக்கா கமராவை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பாள். வீடுகள் ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி, மதில் இல்லாமல், கேட் இல்லாமல், புல்லுக்கு நடுவில் யாரோ வைத்துவிட்டு மறந்துபோனவை போல நிற்கும்.

"மதில் இல்லாட்டி நாய் மாடு வராதோ?" என்று அம்மா முதல் நாளே கேட்டார்.

"மாடு இல்லையம்மா இங்க."

ஒரு வீட்டு முற்றத்தில், பாதி புதைத்த குளியல் தொட்டி நிமிர்ந்து நின்றது. அதற்குள் நீல முக்காட்டோடு மாதா.

"மாதாவை ஏன் குளிக்க விட்டிருக்கினம்?" என்றார் அம்மா.

"அது கெபி மாதிரியம்மா, மாதாவை வைக்கிற குகை. பழைய தொட்டியை நிமித்திக் கெபியாக்கியிருக்கினம்" என்றேன். "அக்கா, கத்தோலிக்க ஆக்கள். உனக்குச் சரி. கொட்டாஞ்சேனை ஆக்கள் மாதிரி."

"கொட்டாஞ்சேனை ஆக்கள் எண்டால் இவ்வளவுக்கு ஊர் கேட்டு, பேர் கேட்டு, ஏன் இன்னும் பிள்ளை இல்லை எண்டும் கேட்டிருப்பினம்."

இன்னொரு வீட்டில் கார்க் கொட்டகையின் கதவுக்கு மேல் செவ்வந்தி மாலை. இந்துக்கள் என்றேன். அடுத்த கிழமை அந்த வீட்டு வயோதிபர் வெளியே நின்றார், தொப்பி, குளிர்ச்சட்டை. அக்காவைக் கண்டதும் கை கூப்பினார். பூட்டானிலிருந்து துரத்தப்பட்ட நேபாள ஆட்கள் அந்தப் பக்கம் நிறையப் பேர் குடியேறியிருக்கிறார்கள் என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு ஆங்கிலம் இல்லை, அக்காவுக்கு நேபாளி இல்லை. இரண்டு பேரும் கூப்பிய கையோடு கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அக்கா நடந்தாள். மூலை வீட்டில் சோமாலியப் பெண் ஒருவர் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருப்பார், முக்காடு காற்றில் பறக்கும். ராத்தா ஃபோனுக்கு முன்னால் இருந்து ஸலாம் சொல்லுவார், அந்தப் பெண்ணுக்குக் கேட்காது. ஒரு வீட்டுப் புல்லில் பல மொழிகளில் நல்வரவு எழுதிய பலகை நின்றது. அக்கா கிட்டப் போய்த் தேடினாள். தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை. "ரெண்டு பேருக்கும் சமநீதி" என்றாள்.

நான் அவளுடைய தெருக்களை வரைபடமாகக் கீறி, வீடு வீடாகச் சமயத்துக்கு ஒரு நிறம் கொடுத்து வந்தேன். கோடை முடிவதற்குள் அது நிறைந்துவிட்டது. அவளுக்குக் கதவு திறக்கிற வீடு ஒன்றும் அதில் இல்லை. அறை இன்னும் காலியாகத்தான் இருந்தது. இலை நிறம் மாறுகிறது என்று அக்கா காட்டியபோது அம்மா அலுமாரியில் நப்தலின் உருண்டைகளை மாற்றிவைத்தார்.

அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை, வழக்கமாகப் போகாத ஒரு தெருவில் அக்கா திரும்பினாள். கொஞ்சத் தூரம் போனதும் படம் அசையாமல் நின்றது.

"அம்மா நிக்கிறாவோ?" அவள் குரல் தாழ்ந்துவிட்டது.

"இஞ்சதான் இருக்கிறா. என்ன?"

கமராவைத் திருப்பினாள். ஒற்றை மாடி வீடு. யன்னல் சீலைகள் மூடியிருந்தன. புல்தரையின் விளிம்பைச் சுற்றி, கணுக்கால் உயரத்தில், வரிசையாக வெள்ளைக் கொடிகள்.

எங்கள் ஊரில் ஒரு சாவு நடந்தால், ஒழுங்கை முகப்பிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் குறுக்கே கயிறு இழுத்து வெள்ளைக் கொடி கட்டுவார்கள். பௌத்தரும் கட்டுவார்கள், சைவரும் கட்டுவார்கள், வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர்களும் கட்டுவார்கள். முஸ்லிம்கள் மட்டும் கட்டுவதில்லை. கயிறு வாங்கி வருவதற்கு முன்னமே அடக்கிவிட்டு வந்துவிடுவார்கள். தெரியாத ஊருக்குச் செத்தவீட்டுக்குப் போகிறவருக்கு விலாசம் தேவையில்லை. பஸ்ஸால் இறங்கி வெள்ளையைப் பின்தொடர்ந்தால் போதும்.

"செத்தவீடு" என்றார் அம்மா. தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார்.

"யா அல்லாஹ், மவுத்தா?" என்று ராத்தா தலையை நீட்டினார். "ஆம்பளயா பொம்பளயா?"

"இங்க கொடி கட்டுவினமோ தெரியாதம்மா" என்றாள் அக்கா.

"கட்டியிருக்குத்தானே. கண்ணுக்கு முன்னால நிக்குது."

கொடிக்கு அங்கே என்ன அர்த்தம் என்று தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எதற்கெடுத்தாலும் ஃபோனில் தேடுகிற நான், வெள்ளைக் கொடியைத் தேடவில்லை. அதைப் போய் யாராவது தேடுவார்களா? என் கவலை எல்லாம் எந்தச் சமயத்து வீடு என்பதுதான்.

"கதவு நிலையில ஏதோ சரிச்சு ஒட்டியிருக்கு. கிட்டப் போ, பாப்பம்."

"செத்தவீட்டு வாசலில நிண்டு வீடியோ எடுக்கச் சொல்லுறியா? விசரே உனக்கு?"

"போட்டு வா பிள்ளை" என்றார் அம்மா.

"ஆரெண்டே தெரியாத வீடு."

"நல்லதுக்குத்தான் கூப்பிட்டுப் போறது. கெட்டதுக்கு ஆரும் கூப்பிடுறேல்ல, நாங்களாத்தான் போகோணும். ஒரு ஊரில இருந்துகொண்டு செத்தவீட்டைத் தாண்டி நடந்து போறதே?"

அந்த ஊரில் இத்தனை மாதத்தில் அவள் ஒரு கதவையும் தட்டியதில்லை. கூப்பிடாத வீட்டுக்குப் போக அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை. இப்போது காரணம் புல்லில் வரிசையாக நின்றது.

"என்ன கொண்டு போறது?" என்று கேட்டாள்.

"சைவமாச் சமை" என்றார் அம்மா. "சைவச் சாப்பாட்டை எந்தச் சாமியும் வேண்டாமெண்டு சொல்லாது."

"கொஞ்சம் கூடவாச் செய்ங்க புள்ள" என்றார் ராத்தா. "மையத்து வூட்டுக்கு ஆக்கள் வந்து போவாங்க. அடுப்பு மூட்டியிருக்க மாட்டாங்க."

"உடுப்பு? இங்க கறுப்பெல்லோ போடுவினம்?"

"கொடி வெள்ளையெண்டால் உடுப்பும் வெள்ளைதான்" என்றார் அம்மா.

மறுநாள் காலை, இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. அங்கே சனி இரவு. திரையில் அக்காவின் கண் வீங்கியிருந்தது. ஆனால் வாய் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தார்.

"ஆராம் போனது?"

"ஒருத்தரும் போகேல்ல."

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுத முயல்கிறேன். இடியப்பம் அவித்து, சொதியும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் வைத்து, வெள்ளைச் சல்வாரில் போயிருக்கிறாள். வாசலில் நின்று பெல்லைத் தேடினாளாம். வலதுபக்க நிலையில், தோள் உயரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு பெட்டி சரிவாகப் பொருத்தியிருந்தது. அதுதான் பெல் என்று அமர்த்தினாள். சத்தம் இல்லை. இன்னும் பலமாக அமர்த்தினாள். உள்ளேயிருந்து நாய் குரைத்தது, கதவு திறந்தது. அம்மாவின் வயதில் ஒரு மனிசி, கட்டையாக வெட்டிய நரைமயிர்.

"நான் வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போன வசனத்தைச் சொன்னன். உங்கட இழப்புக்கு வருந்துறன், நான் பக்கத்துத் தெரு எண்டு. அவ என்னைப் பாத்தா, சட்டியைப் பாத்தா, திரும்ப என்னைப் பாத்தா. எங்கட வீட்டில ஆர் செத்தது எண்டு கேட்டா."

"பிறகு?"

"கொடியைக் காட்டினன். அது நாய்க்காம்."

"நாய்க்குக் கொடியோ?" என்றார் அம்மா.

மதில் இல்லாத வீடுகள். நாய் தெருவுக்கு ஓடாமலிருக்கப் புல்லுக்குக் கீழே ஒரு கம்பி புதைப்பார்களாம். நாயின் கழுத்துப் பட்டி அந்தக் கம்பிக்குக் கிட்டப் போனால் சத்தம் போடும். எல்லை எது என்று நாய்க்குப் பழகும் வரை அடையாளத்துக்கு வெள்ளைக் கொடி. பழகியதும் பிடுங்கிவிடுவார்கள்.

"அதுக்குள்ள அவவின்ர மனுசன் உள்ளயிருந்து வந்திட்டார். மனிசி அவருக்கு விளங்கப்படுத்தினா. அவர் சட்டியைத் திறந்து மணந்து பாத்திட்டு, 'அப்ப நான் உண்மையாச் சாகேக்கையும் இது வருமோ?' எண்டு கேட்டார். அவ முழங்கையால ஒரு இடி விட்டா."

"நீ என்ன செய்தனீ?"

"அழுதனான்."

"என்னத்துக்கு?"

"தெரியேல்ல. வெக்கம் ஒரு பக்கம். மற்றது, அவ கதவை மூடேல்ல."

அந்த மனிசி அவளை உள்ளே கூட்டிப்போய் இருத்தி, உங்கள் ஊரில் வெள்ளைக் கொடி என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். அக்கா சொன்னாள். ஒழுங்கை, கயிறு, கூப்பிடாமல் போவது, அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயலவர்கள் சாப்பாடு கொண்டு போவது, எல்லாம். அவர் கேட்டு முடித்துவிட்டு, எங்கள் ஆட்களிலும் அப்படித்தான் என்றாராம். செத்தவீட்டுக்கு அழைப்பை எதிர்பார்க்க மாட்டார்கள், சாப்பாட்டோடு போவார்கள், கதவு பூட்டாமல் கிடக்கும், பெல்லே அடிப்பதில்லை.

"அப்ப நீ பெல்லைத் தேடினதுதான் பிழை எண்டார் மனுசன். அதோட நான் அமர்த்தினது பெல் இல்லையாம். அந்தப் பெட்டிக்குள்ள அவையின்ர வேத வசனம் எழுதிச் சுருட்டி வைச்சிருக்காம்."

"யூத ஆக்கள்" என்றேன் நான். நிறப் பெட்டி என் கண்ணுக்குள் திறந்துவிட்டது. "அக்கா, யூத ஆக்கள்தானே?"

"அவ யூதர். அவர் வேற. தாய்வழி போலந்து, மாதா கோயில் ஆக்களாம். மிச்சம் கேக்கேல்ல."

"ஏன் கேக்கேல்ல?"

"அவை சொதியை சூப் மாதிரிக் கோப்பையில ஊத்திக் குடிச்சுக்கொண்டிருக்கினம். அந்த நேரத்தில என்னத்தையடி கேக்கிறது?"

அம்மா ராத்தாவிடம் சொல்ல எதிர்வீட்டுக்குப் போனார். அங்கிருந்து வந்த சிரிப்பு படிக்கட்டு முழுக்கக் கேட்டது. நான் வரைபடத்தைத் திறந்து அந்த வீட்டுக்கு என்ன நிறம் கொடுப்பது என்று யோசித்தேன். இரண்டு நிறம் கொடுத்தேன். பிறகு குளியல் தொட்டி மாதா வீட்டைப் பார்த்தேன். அதற்குள்ளும் இரண்டு இருக்குமோ என்று யோசனை வந்தது. நேபாள வீட்டிலும் ஒரு மருமகள் வேறாக இருக்கலாம். அன்றைக்கு எத்தனை வீடுகளின் நிறத்தை அழித்தேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த சனிக்கிழமை அக்கா நடந்தபோது தனியே நடக்கவில்லை. அந்த மனிசியும் நாயும் கூட வந்தார்கள். ஃபோனை ஒரு தரம் அவர் பக்கம் திருப்பினாள். அவர் கையசைத்தார், அம்மா கும்பிட்டார், ராத்தா கையசைத்தார். பிறகு ஃபோன் அக்காவின் பொக்கற்றுக்குள் போனது. துண்டிக்க மறந்துவிட்டாள். திரை இருட்டு. காய்ந்த இலையில் இரண்டு பேர் நடக்கிற சத்தம் கேட்டது, நாயின் பட்டி மணி கேட்டது. அக்கா ஆங்கிலத்தில் எதையோ சொல்லிச் சிரித்தாள். பல்கணியில் என்னோடு இருந்து சிரித்த அதே சிரிப்பு. எனக்கு அது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலவும் இருந்தது, நிறுத்த வேண்டும் போலவும் இருந்தது. பொத்தானை அமர்த்தாமல் அப்படியே வைத்துவிட்டு அது தானாக அறுந்துபோகும் வரை இருந்தேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் சுருங்கிவிட்டன. நடந்துவிட்டு வந்து எடுப்பாள். சில நாள் செய்தி மட்டும் வரும்: இண்டைக்கு அவையோட சந்தைக்கு, நாளைக்குக் கதைப்பம். கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள் என்று ஒரு நாள் சொன்னாள். மனுசனின் பிறந்தநாளுக்கு அவளைச் சொதி வைக்கச் சொன்னார்களாம். நேபாளக் கிழவரை அந்த மனிசிக்கு முன்னமே தெரியுமாம். அந்த வீட்டு மருமகள் ஆங்கிலம் பேசுவாளாம், அக்காவின் வயதாம். நான் மாதக்கணக்காக நிறம் தீட்டிய வீடுகளின் கதவை அந்த மனிசி ஒரு நாய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு திறந்துவிட்டார்.

பனி விழ முதல் ஒரு ஞாயிறு காலை அக்கா அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அம்மா, இந்த மாரி இங்கயே நிக்கிறன்."

"ஓம் பிள்ளை" என்றார் அம்மா. பிறகு, "அந்தத் தடிச்ச கோட்டு இன்னும் அளவோ?" என்று கேட்டார்.

அம்மா எழும்பிப் போன பிறகு நான் ஃபோனை எடுத்தேன்.

"அப்ப நீ வரமாட்டாய்."

"வருவன். ஏலாமல் ஓடி வரமாட்டன். அவ்வளவுதான் வித்தியாசம்."

எனக்கு அந்த வித்தியாசம் விளங்கியது. விளங்கியதால் ஒன்றும் குறையவில்லை. அடுத்த நாள் அம்மா அக்காவின் மெத்தையைப் பல்கணியில் வெயிலுக்குப் போட்டார். ராத்தாவின் அக்கா மகள் ஒருத்தி கண்டியிலிருந்து படிக்க வருகிறாளாம். அறை கிடைக்குமா என்று கேட்டார்களாம். "பாப்பம்" என்று சொன்னாராம் அம்மா. மகள் வரப்போறா என்று சொல்லவில்லை. மெத்தை பல்கணி முழுவதையும் பிடித்துக்கொண்டதால் அன்றைக்கு நான் உள்ளே இருந்தேன்.

போன கிழமை அக்கா எடுத்தபோது நான் மாடிப்படியில் நின்றேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. எனக்குப் பின்னால் இருந்த கதவு அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அது ஆர்? புது ஆக்களோ?"

"நாலாம் மாடி. நீ போன பிறகு வந்தவை."

"ஆர் ஆக்கள்?"

அதுதான் சிக்கல். எங்கள் ஃபிளாட்டில் நான் வாசிக்க முடியாத ஒரே கதவு அது. மாவிலை இல்லை, எழுத்து இல்லை, சிலுவை இல்லை, வெளியே செருப்புக்கூட இல்லை. இளம் தம்பதி. விடிய முன்னம் வேலைக்குப் போகிறார்கள், இருட்டிய பிறகு வருகிறார்கள். படியில் கண்டால் சிரித்துத் தலையாட்டுவார்கள். சிரிப்பில் மொழி தெரிவதில்லை. கீழே காவலுக்கு இருக்கிற ஐயாவிடம் சிங்களத்தில் விசாரித்தேன். "தன்னே நே நங்கி" என்றார், தெரியாது தங்கச்சி என்று. இதையெல்லாம் அக்காவுக்குச் சொன்னேன்.

"கதவைத் தட்டிப் பாரன்" என்றாள்.

"என்னத்தைச் சொல்லித் தட்டுறது?"

"எனக்கு மட்டும் ஆராவது சொல்லித் தந்தவையே?" என்றாள் அக்கா. பிறகு நாய் குரைத்தது, அவள் போக வேண்டியிருந்தது.

ஆகவே இந்தச் சனிக்கிழமை. அக்காவின் நடைக்காக நாங்கள் ஃபோனுக்கு முன்னால் இருந்த அதே பின்னேரம் இப்போது சும்மாதான் கிடக்கிறது. அவர்களும் சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்கிறார்கள், யன்னலில் விளக்கு தெரிகிறது. சந்தையில் ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ஏறப் போகிறேன். தமிழில் தொடங்குவதா சிங்களத்தில் தொடங்குவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கினால் ஏதோ கையெழுத்து வாங்க வந்தவள் மாதிரி இருக்கும். போய் என்ன கதைக்கப் போகிறாய் என்று அம்மா கேட்டார். முதலில் அக்காவைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறேன். எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள், கீழ் மாடியில்தான் இருந்தாள், இப்போது தூரத்தில் ஓர் ஊரில் இருக்கிறாள் என்று. அந்த வசனத்தைக் குளியலறையில் நின்று மூன்று மொழியிலும் சொல்லிப் பார்த்தேன். எதிலும் கடைசித் துண்டில் குரல் கொஞ்சம் இறங்குகிறது. இன்னும் சொல்லிப் பார்க்க வேண்டும்.